போகாத போட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் அந்தச் சாயங்கால அழைப்பைக் கேட்டுச் சிரிப்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருட்டுகிற நேரத்தில் டெலிபோன் போர்டின் கீழ்வரிசை ஓரத்தில், அழைப்பு வந்ததைக் காட்டும் தகடு டப்பென்று விழும். கம்பியைச் செருகினால் எதிர்க்கரைப் போலீஸ் அவுட்போஸ்ட். "எக்ஸ்சேஞ்ச்? ஆஜ் போட் நஹி கயா. சப் போட் ஆ கயா. சப் டீக் ஹை." அதாவது, இன்றைக்குப் போட்டு எதுவும் போகவில்லை, எல்லாப் போட்டும் வந்துவிட்டது, எல்லாம் நலம். போகாத போட்டு எப்படி அக்கா வரும் என்று நேற்று உங்களில் ஒருத்தி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அதற்குள் இரண்டு தகடு விழுந்துவிட்டது. நான்தான் எடுத்தேன்.

சிரிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்த மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன், சூப்பர்வைசர் தாதா போன வருடமே கல்கத்தா போய்விட்டார், என்னோடு போர்டில் இருந்த சாரதா கொல்லத்துக்குப் போய்விட்டாள். இந்த அழைப்பு எப்படிப் பிறந்தது என்று தெரிந்த கடைசி ஆள் நான். தெரிந்துகொண்டு சிரித்தால் இன்னும் நன்றாகச் சிரிப்பீர்கள்.

சீனாச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய நாள், கான்வென்ட் பிள்ளைகளை ஒரு மோட்டார் போட்டில் ஏற்றி வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பிக்னிக் கூட்டிப் போனார்கள். கூட ஒரு சிஸ்டர், படகை ஓட்ட ஒரு செராங், அவருக்கு உதவியாக ஒரு ஆள். அந்தப் போட்டில் என் மகள் ஸ்டெல்லாவும் இருந்தாள். நாலாம் வகுப்பு.

நான் சாதாரணமாகவே பயந்தவள். அவள் தும்மினால் நான் நிமோனியா என்பேன். அன்றைக்கு அவள் பையில் மாற்றுத்துணி இரண்டு, அயோடின், ஒரு விசில், வேளாங்கண்ணித் தண்ணீர் ஒரு புட்டி, இத்தனையும் வைத்துக் கட்டினேன். ஃபீனிக்ஸ் பே படகுப் பட்டறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "ஏட்டி, பிள்ளையப் பிக்னிக்குக்கு அனுப்புதியா, இல்ல நாடு கடத்துதியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பையின் கனம் தாங்காமல் அவள் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்து போனாள். நான் டியூட்டிக்கு வந்து ஹெட்போனை மாட்டினேன்.

இந்த வேலையில் நாம் ஒட்டுக் கேட்கக் கூடாது. ஆனால் இணைப்பு ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க ஒரு மூச்சு நேரம் காதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு மூச்சு, ஒரு மூச்சாகச் சேர்த்துத்தான் இந்த ஊரின் வரலாறு எனக்குத் தெரியும். லைனில் கேட்டது லைனோடு போக வேண்டும் என்பது சட்டம். இன்றுவரை அதையும் மீறியதில்லை.

அன்று மத்தியானம் அப்படி ஒரு மூச்சு. பெரிய அதிகாரியின் பங்களாவிலிருந்து அவர் மனைவி, ஆபீசில் இருந்த பி.ஏ.வைக் கேட்டார். அவர் தம்பி ஊரிலிருந்து வந்திருக்கிறான், நாளைக்கு அவனுக்கு மீன் பிடிக்கப் போக வேண்டும், நல்ல போட்டாகப் பார்த்து வை, யாருக்கும் தெரிய வேண்டாம். சர்க்கார் போட்டில் மைத்துனன் தூண்டில் போடப்போவது வெளியே தெரியக் கூடாதல்லவா? நான் கம்பியை விட்டுவிட்டு அடுத்த தகட்டை எடுத்தேன்.

அதிகாரியும் பி.ஏ.வும் ஊருக்குப் புதிது. நம் தீவில் டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிந்தாலும் உடம்பு நம்பாது. டீ குடிக்கிற நேரத்தில் வெளியே இருட்டைப் பார்த்தால் ஏதோ நடந்துவிட்டது என்றே தோன்றும். அன்றைக்கு அதற்கும் முன்னால் மழை வந்து வானத்தை மூடிவிட்டது. ஜன்னலில் பார்த்தால் படகு கட்டும் ஜெட்டியும் இல்லை, கடலும் இல்லை, வெறும் சாம்பல்.

அந்த நேரம் பார்த்து பி.ஏ. மரைன் ஆபீசுக்குப் போன் போட்டார். "பிள்ளைகள் போன போட்டு திரும்பிவிட்டதா?"

நாளைக்கு மைத்துனனுக்காக அவர் பார்த்து வைத்திருந்தது அந்தப் போட்டைத்தான். ஆனால் காரணம் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே! மைத்துனன் ரகசியம்.

இனி நடந்ததெல்லாம் என் கண் முன்னால், என் கை வழியாக, என் கம்பிகளில் நடந்தது.

மரைன் ஆபீஸ் கிளார்க் ஜெட்டியைக் கூப்பிட்டார். "பிள்ளைங்க போட்டு வந்தாச்சா? பங்களாவுலேருந்து கேக்குறாங்க."

"இன்னும் வரல சார். ஏன் கேக்குறாங்க?"

"தெரியல. சும்மா கேப்பாங்களா?"

ஜெட்டி சிக்னல் ஸ்டேஷனைக் கூப்பிட்டது. பிள்ளைகள் போட்டைப் பற்றிப் பங்களா கவலைப்படுகிறது, மேலே இருந்து ஏதாவது தெரிகிறதா? சிக்னல்காரர் மழையைப் பார்த்தார். "குச் நஹி திக்தா" என்றார், ஒன்றும் தெரியவில்லை. மழையில் அவருக்கு அவர் கொடிக்கம்பமே தெரிந்திருக்காது. ஆனால் ஜெட்டி அதைப் போலீசுக்குச் சொன்னபோது, போட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னது. போலீஸ் ஆஸ்பத்திரிக்குச் சொன்னபோது, போட்டு காணவில்லை, எதற்கும் படுக்கைகளைத் தயாராக வையுங்கள் என்று சொன்னது. ஆஸ்பத்திரி ரொம்பப் பொறுப்பான ஆஸ்பத்திரி. நேரே பங்களாவைக் கூப்பிட்டுக் கேட்டது: "சார், எத்தனை பேருக்கு ஏற்பாடு செய்யணும்?"

பங்களா அதிர்ந்தது. பி.ஏ. கேட்ட கேள்வி ஊரைச் சுற்றிவிட்டு, செய்தியாக மாறி, அவர் முதலாளியின் காதிலேயே போய் இறங்கிவிட்டது. அதிகாரிக்குக் கேள்வியின் கதை தெரியாது. அவர் உடனே தேடுவதற்கு எல்லாப் போட்டையும் கடலில் இறக்கச் சொன்னார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தான் கேட்டதைவிட ஒரு சிட்டிகை கூடுதலாகச் சொன்னார்கள். குறைத்துச் சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? கூட்டிச் சொன்னதற்காக வேலை போன ஆளை நான் இந்த எக்ஸ்சேஞ்சில் கேள்விப்பட்டதே இல்லை.

அப்புறம் பஜார். அபர்டீன் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி கூப்பிட்டார்.

"தங்கச்சி, பிள்ளைங்க போட்டு கவுந்துட்டாமே?"

"யார் அண்ணாச்சி சொன்னது?"

"ஆஸ்பத்திரியிலேருந்து கம்பளி கேட்டு ஆள் வந்தான். கவுராம கம்பளி எதுக்கு? நான் நாப்பது குடுத்துட்டேன். பிஸ்கட்டும் குடுத்துருக்கேன். கணக்கெல்லாம் பிறகு பாப்போம்." நல்ல மனிதர். போனை வைக்கப் போனவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துக் கடை பெரியவர் கவுரலங்குறார். நீர்மூழ்கி வந்து பிடிச்சிட்டுப் போயிட்டாம்."

பக்கத்துக் கடைப் பெரியவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். ஜப்பான்காரன் இருந்த வருடங்களை இங்கே கழித்தவர். அவருக்குக் கடலிலிருந்து வருவது எல்லாமே ஜப்பான்காரன். எங்கள் கடற்கரை ஆட்களுக்குப் புயல். இரண்டு கடை தள்ளி ஒரு தெலுங்குக்காரர், முதலை என்றாராம். ஒரே மழை, ஒரே காணாத போட்டு. ஆளுக்கொரு பழைய பயத்தை எடுத்து அதற்கு மாட்டிவிட்டார்கள்.

சாரதா என் பக்கத்து இருக்கை. இரண்டு கையாலும் கம்பி செருகிக்கொண்டே, "சேச்சி, தகடு எல்லாம் ஒண்ணா விழுது. போர்டு பல்லு கொட்டின மாதிரி இருக்கு" என்றாள். சிரிப்பு வந்தது. அப்போதுகூட எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரியும்! மைத்துனன், தூண்டில், ஒரு கேள்வி, அது ஊர்வலம் போனது, ஒவ்வொரு முடிச்சையும் போட்டவள் நான். இந்த ஊரில் பயப்படக் காரணமே இல்லாத ஒரே ஆள் நான்தான்.

அப்போது ஜெட்டி லைனில் என் வீட்டுக்காரர் வந்தார்.

"பிலோமி, பயப்படாதட்டி. நாங்க எல்லாரும் போறோம். பட்டறையில நிக்குற போட்டையும் இறக்கிட்டோம்."

அவ்வளவுதான். "பயப்படாதே" என்ற ஒரு வார்த்தை. கேள்வி எங்கே பிறந்தது என்று தெரிந்த நான், அது எந்த வாயில் எவ்வளவு வீங்கியது என்று தெரிந்த நான், அதே கேள்வி என் கணவர் குரலில் வந்ததும் நம்பிவிட்டேன். என் ஸ்டெல்லா கடலுக்கு அடியில் கிடக்கிறாள், அந்தக் கனத்த பையை நான்தான் அவள் தோளில் மாட்டினேன், அயோடின் புட்டி அவளைக் கீழே இழுக்கிறது. இத்தனையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பார்த்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், புத்திசாலிகள் பதற மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பதற்றம் தெரியாமையிலிருந்து மட்டும் வருவதில்லை.

தாதா ஓடி வந்தார். அவர் வங்காளி, வயது ஐம்பதுக்கு மேல், எங்கள் எல்லோருக்கும் தாதா, அண்ணன். "பிலோமினா, கர் ஜாவ். வீட்டுக்குப் போம்மா. நான் உட்கார்றேன்."

"வீட்ல போன் இல்ல தாதா."

தாதா அதற்குமேல் என்னை எழுப்பவில்லை. என் பின்னாலேயே நின்றார்.

போர்டில் இருந்தபடியே யோசித்தேன். யாராவது பார்த்தார்களா? இதுவரை போன் செய்த அத்தனை பேரில் ஒருவராவது போட்டைப் பார்த்தேன் என்றோ கவிழ்ந்ததைப் பார்த்தேன் என்றோ சொல்லவில்லை. பார்க்கக்கூடிய இடம் ஒன்றுதான் உண்டு. எதிர்க்கரை அவுட்போஸ்ட். அங்கே ஒரு கான்ஸ்டபிள், ஒரு போன், வாசலில் கடல்.

மணியடித்தேன். எடுக்கவில்லை.

"அவரை போலீஸ் கண்ட்ரோல் அப்பவே டிங்கிப் படகுல போய்த் தேடச் சொல்லிட்டாங்க சேச்சி" என்றாள் சாரதா. "நான்தான் கனெக்ஷன் குடுத்தது."

பார்க்கத் தெரிந்த ஒரே கண்ணையும் தேட அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் போலீசே திரும்ப அவுட்போஸ்ட்டைக் கேட்டது, பதில் இல்லை என்றேன். அடுத்த நிமிஷம் அதே போலீஸ் மரைன் ஆபீசுக்குச் சொல்கிறது: "அவுட்போஸ்ட்டும் பதில் சொல்ல மாட்டேங்குது. ஏதோ பெரிசா நடந்திருக்கு." ஆளை அனுப்பியதே அவர்கள்தான்! போலீஸ் லாஞ்சில் துப்பாக்கியோடு ஆட்களை ஏற்றினார்கள். அந்த லாஞ்சில் வயர்லெஸ் கிடையாது. நீர்மூழ்கிக் கதை அதற்குள் அங்கேயும் போயிருந்தது. இணைப்பு ஒட்டியதா என்று பார்த்த ஒரு மூச்சில் நான் கேட்டது: விளக்கில்லாமல் எந்தப் போட்டு வந்தாலும் நிறுத்தச் சொல்லு, நிக்கலைன்னா சுடு.

பிக்னிக் போட்டு பகல் போட்டு. அதில் விளக்கு இல்லை.

மறுபடி அவுட்போஸ்ட்டுக்கு மணியடித்தேன். தாதா என் தோளைத் தொட்டார். "சோடு தோ, பேட்டி. அங்கே யாரும் இல்லை." விட்டுவிடு மகளே என்கிறார். எனக்கு மதராசில் வேலை கற்றுக்கொடுத்த அம்மா ஒருவர் இருந்தார். குண்டூசி மாதிரி ஒல்லி, வாயும் அப்படித்தான். "நோ ரிப்ளைன்னா நோ ரிப்ளைதான், வேற அர்த்தம் எதையும் நீயா சேர்க்காதே" என்பார். நான் விடாமல் அடித்தேன். ஜெபமாலை சொல்கிற மாதிரி அடித்தேன். சாரதா என் பக்கத்துத் தகடுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

கடக்கென்று எடுபட்ட சத்தம். மூச்சு. பிறகு மிகவும் மரியாதையான ஒரு சின்னக் குரல்.

"நம்பர் ப்ளீஸ்?"

எக்ஸ்சேஞ்சில் என் மடியில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. போனை எடுத்தால் உலகமே அப்படித்தான் பேசும் என்று நினைத்திருந்தாள்.

"ஸ்டெல்லா?"

"அம்மா! நீங்களா? இந்த போனு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. சிஸ்டர் தொடாதேன்னாங்க. நான்தான் பாவமா இருக்குன்னு எடுத்தேன்."

"எங்க இருக்க? எல்லாரும் எங்க?"

"போலீஸ் மாமா வீட்லம்மா. மழை வந்துச்சுல்ல, செராங் இங்க கட்டிட்டாரு. போலீஸ் மாமா இல்ல. கதவு தொறந்துதான் இருந்துச்சு." அவள் குரல் திடீரென்று தழுதழுத்தது. "அம்மா, உங்களுக்குத் தெரியுமா? ஏதோ ஸ்கூல் பிள்ளைங்க கடல்ல காணாமப் போயிட்டாங்களாம்மா. போலீஸ் மாமா அவங்களத் தேடித்தான் போயிருக்காராம். வலை காயப்போடுற தாத்தா சொன்னாரு. நாங்க எல்லாரும் முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டிருக்கோம். பாவம்மா அவங்க அம்மாங்க."

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ராகத்தில் 'அருள்நிறைந்த மரியே' சொல்வது கேட்டது. தங்களுக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் ஹெட்போனோடு குனிந்து குலுங்குவதைப் பார்த்து, பிணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தாதா தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, வைக்கட்டுமா? செராங் கெளம்பணும்னு கூப்பிடுறாரு. மழை விட்டுடுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. இருட்டில், விளக்கில்லாமல், துப்பாக்கி வைத்த லாஞ்சை நோக்கிப் புறப்படப் போகிறார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே ஆபத்து அவர்களைக் காப்பாற்றப் போனவர்கள்தான்.

"ஸ்டெல்லா, கேளு. யாரையும் போட்ல ஏற விடாத. செராங்க போனுக்குக் கூப்பிடு. ஓடு!"

செராங் மலையாள மாப்பிளா முஸ்லிம். தீவு ஹிந்தியில்தான் பேசுவார். "போலோ" என்றார், சொல்லு என்று.

போட்டை அவிழ்க்க வேண்டாம், விடியும்வரை அங்கேயே இருங்கள் என்றேன். சிஸ்டர் அவசரப்படுகிறார், தண்ணீரும் ஏறியிருக்கிறது, இப்போது போனால் சுலபம், ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உன்னைச் சுட்டாலும் சுடுவார்கள் என்று போனில் சொன்னால் அந்தக் குடிசைக்குள் என்ன ஆகும்? சிஸ்டரும் பிள்ளைகளும் காட்டுக்குள் ஓடுவார்கள். அதனால் சொல்லவில்லை.

"கிஸ்கா ஆர்டர்?" என்றார். யார் உத்தரவு?

எனக்கு உத்தரவு போட என்ன அதிகாரம்? மாதச் சம்பளக்காரி. ஆனாலும் குரலை இறுக்கிக்கொண்டு, "எக்ஸ்சேஞ்ச் கா" என்றேன்.

"அச்சா. எக்ஸ்சேஞ்ச் போல்தா தோ டீக் ஹை." எக்ஸ்சேஞ்ச் சொன்னால் சரி. எக்ஸ்சேஞ்சுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கைதான் அன்று போட்டைக் கரையில் கட்டி வைத்தது.

மீதி சுலபம் என்று நினைத்தேன். போனை வைத்துவிடாமல் பிடித்துக்கொண்டிரு என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு மரைன் ஆபீசைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் பத்திரம், அவுட்போஸ்ட்டில் இருக்கிறார்கள், எல்லோரையும் திரும்பக் கூப்பிடுங்கள்.

"யார் சொன்னது?"

இத்தனை நேரத்தில் யாரும் கேட்காத கேள்வி! "என் மகள்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது: "எக்ஸ்சேஞ்ச் பிலோமினாம்மா. பொண்ணு போன்ல பேசினாளாம். புத்தி கலங்கிடுச்சு, பாவம்." போலீசிடம் சொன்னேன். உட்காரும்மா, தண்ணி குடிம்மா என்றார்கள். ஒரு சின்னப் பிள்ளையின் பேச்சை நம்பி லாஞ்சைத் திருப்ப முடியாது, பொறுப்பான ஆள் யாராவது சொல்ல வேண்டுமாம். போட்டு கவிழ்ந்தது என்பதற்கு மட்டும் எந்தப் பொறுப்பான ஆளும் தேவைப்படவில்லை. தாதாவே ஈரத் துண்டை எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டு, மெதுவாக ஹெட்போனைக் கழற்றப் பார்த்தார்.

"தாதா, நீங்களே கேளுங்க" என்று அவர் காதில் மாட்டினேன். அவர் கேட்டார். அவர் முகம் விரிந்தது. விரிந்து முடிப்பதற்குள் நான் ஒரு கையில் அவுட்போஸ்ட் கம்பியையும் மறு கையில் பங்களாக் கம்பியையும் எடுத்துக் கோர்த்துவிட்டேன். முன் அனுமதி இல்லாமல் பெரிய அதிகாரிக்கு நேர் இணைப்பு. நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டிய நாள் வந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

பங்களா போனை அதிகாரியே எடுத்தார். "யெஸ்!" இடி மாதிரி.

"நம்பர் ப்ளீஸ்?" என்றாள் என் மகள்.

"வாட்? கோன் ஹை?" யார் பேசுவது என்கிறார்.

"ஸ்டெல்லா, அங்கிள். ஃபோர்த் பி." கான்வென்ட் பிள்ளை, ஹிந்தியும் இங்கிலீஷும் சரளமாகக் கலந்து அவருக்கு விளக்கினாள். கடலில் சில பிள்ளைகள் காணாமல் போய்விட்டார்கள், நாங்கள் எல்லோரும் ஜெபிக்கிறோம், நீங்களும் கொஞ்சம் முட்டி போடுங்கள்.

அந்தப் பெரிய மனிதர், யாரும் அவரிடம் கேட்டிராத ஒரு குரலில், "பேட்டி, நீங்க எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டார். ஸ்டெல்லா போனை மேசையில் வைத்துவிட்டு எண்ணப் போனாள். அவர் காத்திருந்தார். தாதாவும் நானும் சாரதாவும் ஒரே ஹெட்போனில் மூன்று காதை ஒட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவள் திரும்பி வந்து, சிஸ்டரைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டாள். அதிகாரி சிரித்துவிட்டார்.

சிக்னல் ஸ்டேஷன் சைரனை ஊதி, விளக்கைக் காட்டி எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டது. திரும்பியவர்கள் பாதிப் பேர்தான். லாஞ்ச் இருட்டில் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பட்டறையிலிருந்து என் வீட்டுக்காரர் இறக்கிய போட்டுக்குப் பழுது பார்ப்பதற்காக அடிப்பலகை ஒன்றின் ஆணிகளைக் கழற்றியிருந்தார்கள் என்பது நடுவழியில்தான் அவருக்கு நினைவு வந்தது. நீந்தி வந்தார். விடிந்ததும் செராங் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், திட்டில் மாட்டியிருந்த போலீஸ் லாஞ்சைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஜெட்டியில் தங்களுக்காகக் காத்திருந்த அண்ணாச்சி கடை பிஸ்கட்டைப் பிள்ளைகள் அவர்களுக்குக் கொடுத்தார்கள்.

பிறகொரு நாள் டீ குடிக்கும்போது தாதா சொன்னார். பிரிவினைக் கலவரத்தில் அவர் ஊரை விட்டு ஓடி வந்த நாளில், படகுத்துறையில் யாரோ 'வந்துவிட்டார்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னார்களாம். கேட்டதும் ஓடியவர்கள் பிழைத்தார்கள். யார் சொன்னது, யார் பார்த்தது என்று நின்று கேட்டவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். "அதனால என்னைக் கேட்டா நான் ஓடத்தான் சொல்வேன் பிலோமினா" என்றார். யாரைப் பார்த்தும் இப்படிப் பதறுகிறார்களே என்று ஏளனம் செய்ய அதன்பிறகு எனக்கு வாய் வந்ததில்லை.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. வளைகுடாவில் எந்தப் போட்டு போனாலும், இருட்டுவதற்குள் அது திரும்பிய விவரத்தை அவுட்போஸ்ட் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்ல வேண்டும். போட்டு போகாத நாளில் என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை. கான்ஸ்டபிள் பயந்த ஆள். போகாத நாளிலும் சொல்லிவைப்போம் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பின் வந்தவரும் சொன்னார். மைத்துனன் ஊருக்குத் திரும்பிவிட்டான், அதிகாரி மாற்றலாகிப் போனார், அந்தப் பிக்னிக் கடற்கரைக்கு இப்போது யாரும் போவதுகூட இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா பையைக் கீழே போட்டுவிட்டு முதலில் கேட்டது, "அம்மா, அந்தப் பிள்ளைங்க கெடச்சிட்டாங்களா?"

"கெடச்சிட்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"எங்க ஜெபத்தாலதான்" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது?

இப்போது அவள் கார் நிக்கோபாரில் நர்ஸ். கப்பலில் போகிறாள், கப்பலில் வருகிறாள். ஒவ்வொரு தடவையும் நான் பை கட்டுகிறேன், அவள் அதைப் பாதி காலி செய்துவிட்டு ஏறுகிறாள். எங்கேயாவது ஒரு போன் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டிருந்தால், அது யாருடைய போனானாலும் இன்றும் நான் எழுந்து போய் எடுத்துவிடுகிறேன்.

போன வாரம் புது அதிகாரி வந்து, இந்தச் சாயங்கால அழைப்பு எதற்கு, நிறுத்திவிடலாமா என்று என்னைக் கேட்டபோது நீங்கள் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "இருக்கட்டும் சார்" என்றேன். நீங்கள் இன்னும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

நான் போன பிறகும் அந்தத் தகடு விழும். எடுங்கள். போட் நஹி கயா, சப் போட் ஆ கயா என்பார். உடனே கம்பியை உருவிவிடாதீர்கள். "தேக்கா க்யா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பார்த்தாயா? அவர் ஒரு நிமிஷம் என்பார். போட்டே போகாத நாளிலும் எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார். அதுவரை லைனிலேயே இருங்கள்.